உங்களுக்குத் தெரியுமா? எழுதியது மனிதரா, இயந்திரமா?

● கம்ப்யூட்டர் காதல் கடிதம் எழுதத் தொடங்கி எழுபது வருடங்களுக்கு மேல் ஆகிறது! 1952-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருக்காக கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி ஒரு புரோகிராம் எழுதினார். சொற்பட்டியலில் அகப்பட்டதை எடுத்துக் கோத்து அது கடிதம் தயாரித்தது. அடியில் ‘எம்.யு.சி.’ என்று கம்ப்யூட்டரின் பெயரே கையெழுத்து.

● ஐம்பது வருடங்களில், ஐந்து நிமிடம் கேள்வி கேட்டுப் பார்க்கிற சராசரி ஆள், பதில் சொல்வது மனிதரா இயந்திரமா என்று 70 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்ல முடியாது என 1950-ல் கணித்தார் ஆலன் டூரிங். 2025-ல் வெளியான ஒரு சோதனையில் ஒரே சமயத்தில் ஒரு மனிதரோடும் ஒரு ஏஐயோடும் ஐந்து நிமிடம் சாட் செய்தவர்கள், 73 சதவீத முறை ஜிபிடி-4.5 என்ற அந்த ஏஐதான் மனிதர் என்று கை காட்டினார்கள். மனிதரைப் போல நடிக்க அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

● கவிதையிலாவது கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? ஷேக்ஸ்பியர், எமிலி டிக்கின்சன், டி.எஸ்.எலியட் உள்ளிட்ட பத்துக் கவிஞர்களின் கவிதைகளையும், அவர்கள் பாணியில் சாட்ஜிபிடி எழுதியவற்றையும் கலந்து 1,634 பேரிடம் கொடுத்தார்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். சரியான பதில் 46.6 சதவீதம்தான். பூவா தலையா போட்டிருந்தால்கூட இதைவிடக் கூடுதலாக வந்திருக்கும். ‘இது மனிதர் எழுதியதாக இருக்காது’ என்று அதிகம் பேர் ஒதுக்கிய ஐந்து கவிதைகளும் நிஜக் கவிஞர்களுடையவை! சட்டென்று புரிந்தது மனிதர் எழுத்தாகவும், புரியாத வரி இயந்திரத்தின் உளறலாகவும் தோன்றியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எலியட்டையெல்லாம் நின்று நிதானமாகத்தான் படிக்க வேண்டும். அவசரமாகப் படிப்பவர் கையில் இப்படிப்பட்ட கவிஞருக்குத்தான் முதலில் அநியாயம் நடக்கிறது.

● ‘நான்’ என்று எழுதி, குடும்பத்தைப் பற்றி நாலு வார்த்தை சேர்த்தால் போதும், மனிதர் என்று நம்பிவிடுகிறோம். வேலை, டேட்டிங், தங்குமிடத் தளங்களுக்கான சுயவிவரக் குறிப்புகளை வைத்து 4,600 பேரிடம் நடத்திய ஆய்வு (2023) காட்டியது இது.

● எல்லோரும் ஏமாறுவதில்லை. எழுத்து வேலைக்கு ஏஐயை அடிக்கடி பயன்படுத்தும் ஐந்து பேரிடம் 300 ஆங்கிலக் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். பெரும்பான்மை முடிவு தவறியது ஒரே ஒரு கட்டுரையில்! சொற்களை மட்டுமல்ல, வாக்கியம் அமைந்த விதத்தையும் கட்டுரை முடிகிற விதத்தையும் பார்த்தே பிடித்துவிட்டார்கள். பழக்கமில்லாதவர்கள் குத்துமதிப்பாகத்தான் சொன்னார்கள்.

● சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

● இதில் மனதை உறுத்துவது ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் கண்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு ‘ஏஐ எழுதியது’ என்று முத்திரை விழுந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளோ ஏறக்குறைய அப்படியே தப்பின. காரணம் எளியது: அடுத்து வரும் சொல்லைச் சுலபமாக ஊகிக்க முடிந்தால் அது இயந்திரம் என்பது இக்கருவிகளின் கணக்கு. படித்துக் கற்ற ஆங்கிலத்தில், தெரிந்த சொற்களை வைத்துக் கவனமாக எழுதுபவர் அதில் மாட்டிக்கொள்கிறார். அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை மெருகேற்றியதும் பெரும்பாலானவை ‘மனிதர் எழுதியது’ ஆகிவிட்டன! நம் ஊரிலிருந்து வெளிநாடு போய்ப் படிக்கும் பிள்ளைகளும் எழுதுவது இந்த ஆங்கிலம்தான்.

● அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில், காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் டர்னிடின் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தியது. 2022-ல் மட்டும் அங்கே 75,000 கட்டுரைகள் அந்த மென்பொருளுக்குப் போயிருந்தன. நூற்றுக்கு ஒன்று தவறினால்கூட, தாங்களே எழுதிய 750 கட்டுரைகளுக்கு மாணவர்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும்.