ஒரே பல்லிணை மிதிவண்டி: பழுதறிதலும் உறுப்புத் தேர்வும்

இந்தியச் சாலைகளில் நெடுங்காலமாக மிகுதியாக ஓடிவரும் மிதிவண்டி ஒரே பல்லிணை கொண்டதாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடும்பங்களுள் 44.8 சதவீதம் மிதிவண்டி வைத்திருந்தன. பால் கொண்டுசெல்வோர், செய்தித்தாள் வழங்குவோர், பள்ளி மாணவியர், ஆலைத் தொழிலாளர் ஆகிய பலருக்கும் அன்றாட ஊர்தி இதுவே. இவ்வண்டி ஒருநாள் நின்றுபோனால் அன்றைய வருவாயோ படிப்போ தடைப்படுகிறது.

இத்தகைய வண்டியில் அடிக்கடி தோன்றும் குறை, மிதிக்கும்போது சங்கிலி நழுவுவதாகும். பின்னிருக்கையில் சுமையுடன் மேட்டில் எழுந்து நின்று மிதிப்பவரின் காலடியில் சங்கிலி திடீரென நழுவினால் அவர் நிலைகுலைந்து விழ நேரிடும். இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் பரிகாரம், 'சங்கிலி நீண்டுவிட்டது' என்று சொல்லி ஒரு துண்டை வெட்டியெடுத்து மீண்டும் பூட்டுவதாகும். இப்பரிகாரம் தளர்ச்சியை நீக்குகிறதே ஒழியப் பழுதை நீக்குவதில்லை. அதன் காரணத்தை அறிய, வண்டியின் இயக்க அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும்.

இயக்க அமைப்பு

கால் மிதியிலிருந்து பின்சக்கரம்வரை ஆற்றலைக் கொண்டுசெல்லும் உறுப்புகள் மூன்று: கிராங்குடன் சுழலும் பெரிய பற்சக்கரம், கடைகளில் செயின் என வழங்கும் சங்கிலி, பின்சக்கரத்தின் குடத்தில் திருகப்பட்ட பிரீவீல். எடுத்துக்காட்டாக, பெரிய பற்சக்கரத்தில் 44 பற்களும் பிரீவீலில் 18 பற்களும் உள்ள ஒரு வண்டியைக் கொள்வோம். கிராங்க் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறக்குறைய 2.44 முறை சுற்றுகிறது.

சங்கிலியின் ஒரு கண்ணி என்பது ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம்வரை உள்ள தொலைவு. இது ½ அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஹான்ஸ் ரெனால்ட் என்பார் 1880இல் இங்கிலாந்தில் உருவாக்கிய உருளைச் சங்கிலியின் அமைப்பே இன்றும் கையாளப்படுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஆணி, அதைச் சூழ்ந்த குழல், குழலின்மேல் சுழலும் உருளை ஆகியவை உள்ளன. பற்சக்கரத்தின் பல் உருளையைத் தொடுகிறது. ஆணியோ குழலுக்குள் உராய்கிறது.

இச்சிறு உறுப்புகள் தாங்கும் விசை சிறிதன்று. 170 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்கின் முனையில் 50 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் மிதிப்பதாகக் கொள்வோம். 44 பற்களுள்ள சக்கரத்தின் ஆரம் சுமார் 89 மில்லிமீட்டரே. எனவே நெம்புகோல் விதிப்படி சங்கிலியில் தோன்றும் இழுவிசை சுமார் 95 கிலோகிராம் எடைக்குச் சமமாகிறது. கால் தரும் விசையைப்போல் ஏறத்தாழ இருமடங்கைச் சங்கிலி தாங்குகிறது என்பது இதனால் விளங்கும்.

சங்கிலி நீளுவது எவ்வாறு?

சங்கிலியின் எஃகுத் தகடுகள் இழுபட்டு நீளுவதில்லை. ஆணியும் குழலும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதால், ஒவ்வோர் இணைப்பிலும் சிறு இடைவெளி உண்டாகிறது. 112 கண்ணிகள் உள்ள சங்கிலியில் ஒவ்வோர் இணைப்பும் 0.127 மில்லிமீட்டர் தேய்ந்தால், மொத்த நீளம் 14 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாகக் கூடும். இது நூற்றுக்கு ஒரு பங்கு ஆகும். இதை ஈடுசெய்யப் பின்சக்கரத்தின் அச்சை 7 மில்லிமீட்டர் பின்னே நகர்த்த வேண்டியிருக்கும்.

தேய்ந்த சங்கிலியின் கண்ணி ½ அங்குலத்தினும் பெரிதாகிவிடுகிறது. பற்சக்கரத்தின் பற்களோ ½ அங்குல இடைவெளிக்கென வெட்டப்பட்டவை. ஆகவே உருளைகள் பற்களின் அடியில் அமராமல் சற்று மேலேறி நிற்கின்றன. சுமை முழுதும் சில பற்களின்மேல் விழுகிறது. அப்பற்கள் ஒருபுறம் குடையப்பட்டுக் கொக்கிபோல் வளைகின்றன. ஈற்றில் சங்கிலி பல்லின்மீது ஏறித் தாவுகிறது.

இரண்டு கண்ணிகளை வெட்டியெடுத்தால் சங்கிலியின் மொத்த நீளம் ஓர் அங்குலம் குறையும். அச்சு ½ அங்குலம் முன்வரும். ஆனால் எஞ்சிய 110 கண்ணிகளும் தேய்ந்தபடியே இருக்கும். அவை பற்களைத் தொடர்ந்து அரித்துக்கொண்டே வரும். சங்கிலி மட்டும் மாற்றினால் போதியதாயிருந்த செலவு, பிரீவீலையும் பெரிய பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்றும் செலவாக வளர்வது இவ்வாறே.

தேய்வை அளக்க ஓர் எஃகு அளவுகோல் போதும். சங்கிலியை இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் மையத்தில் அளவுகோலின் தொடக்கத்தை வைத்து 24 கண்ணிகளை எண்ண வேண்டும். புதிய சங்கிலியில் அவ்விடத்து ஆணியின் மையம் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 12 1/16 அங்குலத்தைத் தொட்டால் மாற்றும் காலம் நெருங்கிற்று எனலாம். 12 1/8 அங்குலத்தை எட்டினால் அச்சங்கிலியைக் கழித்துவிடுவதே நன்று.

ஒலியின் கால இடைவெளி கொண்டு பழுதறிதல்

ஒரு பழுது எந்த உறுப்பில் உள்ளது என்பதை அறிய, அதன் ஒலியோ உதறலோ எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுதல் சிறந்த வழியாகும். மேற்கூறிய வண்டியில் கிராங்க், பின்சக்கரம், சங்கிலி ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி வருகின்றன.

கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்ற ஒலி எழுமாயின், மிதி, கிராங்க், காட்டர் பின், பி.பி. அச்சு ஆகியவற்றுள் ஒன்றில் குறை உள்ளது. ஆப்பு வடிவான காட்டர் பின் தளர்ந்திருப்பது இதற்குப் பெருவாரியான காரணமாகும். தளர்ந்த பின்னுடன் தொடர்ந்து ஓட்டினால் அதன் தட்டையான முகம் நசுங்கி, இரு கிராங்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நில்லாது போகும். கிராங்கின் ஒரு சுற்றுக்குள் இரண்டு அல்லது மூன்று முறை ஒலி கேட்டால் பின்சக்கரத்தையும் அதன் குடத்தையும் நோக்க வேண்டும். கிராங்கின் சுமார் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை உதறல் வந்தால், சங்கிலியில் ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். 112 கண்ணிகள் 44 பற்களைக் கடந்து ஒரு முழுச்சுற்று வர அத்தனை சுற்றுகள் ஆகும். ஐயமிருப்பின் ஒரு கண்ணியில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, உதறல் வரும்போது அக்குறி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

மற்றுமொரு சோதனையும் உண்டு. வண்டி ஓடும்போது மிதிப்பதை நிறுத்த வேண்டும். அப்போதும் ஒலி தொடர்ந்தால் குறை சக்கரங்களிலோ மட்கார்டிலோ உள்ளது. நின்றுவிட்டால் இயக்க உறுப்புகளில் உள்ளது. மிதிக்காத நிலையில் பிரீவீல் எழுப்பும் 'கிடுகிடு' ஒலி இயல்பானதே, அது பழுதன்று.

நழுவுதலும் கழலுதலும்

நழுவுதல் இருவகைப்படும். சங்கிலி பல்லின்மீது தாவும்போது பலத்த ஓசையுடன் ஒரு சிறு அதிர்ச்சி மட்டும் உண்டாகிறது. இது தேய்வின் அடையாளம். மிதி முன்னோக்கி வெறுமனே சுழன்று, பின்சக்கரம் திரும்பாதிருப்பின் குறை பிரீவீலின் உள்ளே இருக்கிறது. அதனுள் உள்ள சிறு தடுப்பு நாக்குகள் அழுக்கினாலோ கெட்டியான கிரீஸினாலோ ஒட்டிக்கொண்டு, எழுந்து பற்களைப் பற்றாமையே காரணம். மண்ணெண்ணெயால் கழுவி மெல்லிய எண்ணெய் இட்டால் அவை பெரும்பாலும் சீராகும். அதன்பின்னும் நழுவினால் பிரீவீலை மாற்றுதல் வேண்டும்.

சங்கிலி பற்சக்கரத்தைவிட்டு வெளியே கழன்று விழுவது வேறு வகைக் குறை. அளவுக்கு மீறிய தளர்ச்சி, பெரிய பற்சக்கரத்தின் கோணல், இரு பற்சக்கரங்களும் ஒரே தளத்தில் அமையாமை, அச்சின் நட்டு தளர்ந்து சக்கரம் ஒருபுறம் சாய்தல் ஆகியவை இதன் காரணங்கள். சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் ½ அங்குல அசைவு இருப்பது தக்கது. பற்சக்கரம் முழு வட்டமாக இல்லாதிருக்கக்கூடும். ஆதலால் கிராங்கைச் சுற்றிப் பார்த்து, சங்கிலி மிக இறுகும் இடத்தில் இவ்வளவை அமைக்க வேண்டும்.

உறுப்புத் தேர்வு

பல்லிணையின் அளவு ஓட்டுபவரின் சுமையையும் சாலையையும் பொறுத்தது. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். 44-க்கு 18 என்ற அமைப்பில் கிராங்கின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.46 மீட்டர் செல்லும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம் கிட்டும். பிரீவீலை 20 பற்களுள்ளதாக மாற்றினால் வேகம் 18 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். ஆயின் அதே மேட்டில் மிதிக்க வேண்டிய விசை பத்தில் ஒரு பங்கு தணியும். சுமை ஏற்றுவோர்க்கும் மேட்டுநிலத்தார்க்கும் இம்மாற்றம் பெரும் பயன் தரும். இரண்டு பற்கள் கூடுவதால் அச்சு ¼ அங்குலம் முன்னே நகரும். அதற்கு இடமுண்டா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சங்கிலியின் உள்ளகலம் ஒரே பல்லிணை வண்டிகளுக்கு 1/8 அங்குலம். பல பல்லிணைகள் உள்ள வண்டிகளின் சங்கிலி 3/32 அங்குலமோ அதனினும் குறைவோ ஆகும். அது தடித்த பற்களில் அமராது. பூட்டுக்கண்ணியின் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். மாற்றி மாட்டினால் எதிலேனும் தட்டுண்டு கழன்றுவிடக்கூடும்.

புதிய சங்கிலியைத் தேய்ந்த பிரீவீலில் பூட்டினால் அது முன்னினும் மிகுதியாகத் தாவும். சிறிய பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பெரியதன் பல்லைவிட 2.44 மடங்கு அடிக்கடி சங்கிலியைச் சந்திப்பதால் அதுவே முந்தித் தேய்கிறது. ஆகவே கொக்கிபோல் வளைந்த பற்கள் காணப்பட்டால் சங்கிலியையும் பிரீவீலையும் ஒருங்கே மாற்றுவது சிக்கனமாகும்.

காட்டர் பின்கள் 9 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இருவகைத் தடிப்பில் கிடைப்பதால் பழையதை அளந்தே புதியதை வாங்க வேண்டும். மிதிகளில் வலப்புறத்தது வழக்கமான வலத்திருகு, இடப்புறத்தது இடத்திருகு. இதையறியாது வலிந்து முறுக்கினால் கிராங்கின் மரை கெட்டுவிடும்.

நிலைப் பற்சக்கர வண்டி

பிரீவீல் பரவுவதற்குமுன் மிதிவண்டிகள் நிலைப் பற்சக்கரம் கொண்டவையாகவே இருந்தன. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் உருவாக்கிய 'ரோவர்' வண்டியும் அத்தகையதே. இதில் சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழன்றுகொண்டேயிருக்கும். கால்களால் எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். இன்றும் பந்தயத் தளங்களில் இவ்வகை வண்டிகளே ஓடுகின்றன. 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் புதுடில்லியில் மரத்தளத்துடன் அமைந்த மிதிவண்டிப் பந்தயக்கூடத்திலும் இவையே ஓடின.

இவ்வகைப் பற்சக்கரம் குடத்தில் வலத்திருகாகப் பொருத்தப்படுகிறது. முன்னோக்கி மிதிக்கையில் அது இறுகும். எதிர்த்து அழுத்துகையில் கழல முற்படும். அதைத் தடுக்க, இடத்திருகுள்ள பூட்டு வளையம் ஒன்று குடத்தில் தனி மரையுடன் அமைந்திருக்கும். பிரீவீலுக்கென அமைந்த சாதாரணக் குடத்தில் இம்மரை இல்லை. அதில் நிலைப் பற்சக்கரத்தைத் திருகி ஓட்டினால், வேகத்தை அடக்க முயலும் வேளையிலேயே பற்சக்கரம் கழன்றுபோகலாம். ஆதலால் உரிய குடம் இன்றியும், முன் பிரேக் இன்றியும் இவ்வண்டியைச் சாலையில் ஓட்டுதல் ஆபத்தாகும்.

பற்களின் எண்ணிக்கையிலும் இங்கு ஒரு நுட்பம் உண்டு. 48-க்கு 16 என்ற அமைப்பில் விகிதம் சரியாக 3 ஆவதால், ஒரே காலை முன்வைத்துச் சக்கரத்தை நிறுத்தும்போதெல்லாம் டயரின் ஒரே இடம் தரையில் உராய்ந்து விரைவில் தேயும். 48-க்கு 17 எனக் கொண்டால் அவ்வுராய்வு 17 இடங்களில் பகிர்ந்து விழும்.

பராமரிப்பு

சங்கிலியின் ஆயுள் பெரிதும் துப்புரவைச் சார்ந்தது. தூசு படிந்த சங்கிலியின்மேல் எண்ணெய் ஊற்றினால், அத்தூசு எண்ணெயுடன் கலந்து சாணைப்பொடிபோல் ஆணிகளை அரிக்கும். முதலில் துடைத்து, உருளைகளில் துளித்துளியாக எண்ணெய் இட்டு, சில சுற்றுகள் சுற்றியபின் வெளியே எஞ்சியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்தல் நலம்.

சுருங்கக் கூறின், பழுதறிதலில் எண்ணுதலும் உறுப்புத் தேர்வில் அளத்தலுமே முதன்மையானவை. மாதம் ஒருமுறை அளவுகோலைச் சங்கிலியின்மேல் வைத்துப் பார்ப்பவர், பற்கள் கெடுமுன்னரே தேய்வைக் கண்டுகொள்வார். அவர் மாற்ற வேண்டிய உறுப்பு சங்கிலி ஒன்றேயாக இருக்கும்.