நாலு கம்பி... நாலாயிரம் வருஷம்!

என் மாமாவுக்குப் புறநகரில் ஒரு மனை. போன வருஷம் அதில் போர்வெல் போட ஆசைப்பட்டார். முதலில் வந்தவர் தேங்காய் நிபுணர். அவர் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் ஓரிடத்தில் சடக்கென்று எழுந்து நின்றது. மாமாவும் மெய்சிலிர்த்து எழுந்து நின்றார். 300 அடி ஓட்டியதில் வந்தது... புழுதி!

அடுத்தவர் ஒரு பெட்டி, நாலு இரும்புக் கம்பி, ஒயர் சுருளோடு வந்தார். கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடித்தார். வெளிக் கம்பி இரண்டில் கரன்ட்டை விட்டு, உள் கம்பி இரண்டில் வோல்டேஜ் பார்த்தார். மண் காட்டும் மின்தடையை வைத்து அடியில் பாறையா, ஈரமா என்று சொல்கிற வித்தை அது. கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் இன்னும் ஆழத்து சமாசாரம் தெரியுமாம்.

இதே வித்தையை 1946-ல் ஒருத்தர் தண்ணீருக்காக இல்லாமல் சரித்திரத்துக்காகச் செய்து பார்த்தார். பெயர் ரிச்சர்ட் அட்கின்சன். இடம், இங்கிலாந்தில் தேம்ஸ் கரையில் இருக்கும் டார்செஸ்டர். அங்கே நிலத்தைத் தோண்டி சரளைக்கல் எடுக்கப் போகிறார்கள். அடியிலோ, புதிய கற்கால மனுஷர்கள் வட்ட வட்டமாக வெட்டி, காலப்போக்கில் தூர்ந்துபோன அகழிகள். மேலே பார்த்தால் வெறும் வயல்.

சரளை காய்ந்து கிடக்கும். அகழியில் சேர்ந்த வண்டல் ஈரம் பிடித்து வைத்திருக்கும். ஈரத்தில் கரன்ட் சுலபமாக ஓடும். ஆக, மின்தடை எங்கே இறங்குகிறதோ அங்கே அகழி! புதைந்த கல் சுவர் என்றால் நேர் எதிர், தடை ஏறும். கண்டபடி தோண்டி நேரத்தை வீணாக்காமல் குறி பார்த்துத் தோண்டினார்கள். அந்தப் பிரதேசத்தில் பெரும்பகுதி பிற்பாடு சரளைக் குழிகளாகிவிட்டது. இன்றைக்கு அங்கே போனால் பல இடங்களில் தண்ணீர்தான் நிற்கிறது. அன்று அவசர அவசரமாகத் தோண்டி எழுதி வைத்ததுதான் மிச்சம்.

அடுத்த கதை 1958. லண்டனிலிருந்து வடக்கே போகும் ஏ1 நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். வழியில் வாட்டர் நியூட்டன் என்ற ஊர். ரோமானியர் காலத்தில் மண்பாண்டத்துக்குப் பேர்போன இடம். சாலை போடுவதற்குள் சூளைகளைக் கண்டுபிடித்தாக வேண்டும். எங்கேயென்று தோண்டுவது? ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மார்ட்டின் எய்ட்கன் என்ற விஞ்ஞானி ஒரு காந்தமானியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

களிமண்ணில் இரும்புச்சத்து உண்டு. நன்றாகச் சூடேறி ஆறும்போது, அந்த நேரத்துப் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையோ அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அணைந்து எத்தனை நூற்றாண்டு ஆனாலும் சூளை ஒரு சோனி காந்தம்தான். (நம்மூர் செங்கல் காளவாயும் அப்படியே.) எய்ட்கன் வயலில் அடி அடியாக அளந்துகொண்டே போக, ஓரிடத்தில் எண் எகிறியது. தோண்டினால், சூளை! மண்ணுக்குள் இருந்த சரித்திரத்தைக் காந்தமானி கண்டுபிடித்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

இந்த வேலைக்குப் போகிறவர் சாவிக்கொத்து, பெல்ட் பக்கிள், ஆணி அடித்த ஷூ எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். வேட்டி உத்தமம். சேஃப்டி பின் மட்டும் கூடாது!

கவனியுங்கள். ஒன்று சரளைக் குழி, இன்னொன்று ரோடு. இரண்டு முறையுமே அழியப் போகிற இடத்தில்தான் அரங்கேற்றம்.

நான் பி.காம். ஆசாமி. புத்தி கணக்கில்தான் போகும். முன்னாடியே பார்க்காமல் விட்டால் என்ன செலவு? 1989-ல் லண்டனில் ஒரு ஆபீஸ் கட்டடத்துக்காகத் தோண்டியபோது, 1587-ல் கட்டிய ரோஸ் நாடக அரங்கத்தின் அஸ்திவாரம் வெளியே வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகம் போட்ட இடம். பக்கத்துச் சந்துக்கே ரோஸ் ஆலி என்றுதான் பேர். இருந்தும் என்ன? நடிகர்கள் வந்து மறியல் செய்ய, ஏக ரகளை. கடைசியில் கட்டடத்தின் டிசைனையே மாற்றி, அரங்கத்தை அடியில் விட்டு மேலே கட்டினார்கள். மறு வருஷம், 1990 நவம்பரில், இங்கிலாந்தில் ஒரு வழிகாட்டு விதி வந்தது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கட்டுகிறவர் அனுமதி வாங்கும் முன்பே, தன் செலவில் பார்த்துச் சொல்ல வேண்டும். விதிக்கு இப்போது வேறு பெயர். சாராம்சம் அப்படியே இருக்கிறது.

மெஷின் சொல்வதெல்லாம் வேதவாக்கா? இல்லை. நகரத்து மண்ணில் குழாயும் கேபிளும் கம்பியுமாகக் காந்தமானியைக் குழப்பிவிடும். ரேடார் வண்டிக்கு ஈரக் களிமண் என்றாலே அலர்ஜி. மரக்கம்பம் நட்ட சின்னக் குழி, சாதாரண மண் புதைகுழி, இதெல்லாம் எதிலும் சிக்காமல் நழுவிவிடும். 'ஒன்றும் தெரியவில்லை' என்றால் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தமில்லை. அதனால்தான் மெஷின் ஓட்டிய பிறகும் அங்கங்கே மாதிரிப் பள்ளம் வெட்டிப் பார்க்கிறார்கள். அவசரக்கார கான்ட்ராக்டருக்கு இது மட்டும் காதில் விழுவதில்லை!

இவ்வளவும் படித்த ஜோரில் கம்பிக்காரரைக் கேட்டேன். "ஸார், மேலாக மூணு நாலு அடியில பழைய சுவரு, பானை ஏதாவது இருந்தா உங்க மெஷின்ல தெரியுமா?"

"மேல பத்தடியை நாங்க கண்டுக்கிறதே இல்லீங்க. நமக்குத் தண்ணிதான் கணக்கு. அந்தப் பத்தடி வேஸ்ட்டு" என்றார் ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

மாமா மனைக்கு நடுவில் நின்று மண்ணைக் காலால் கீறினார். "அந்தப் பத்தடியிலதானேடா நான் அஸ்திவாரம் போடப் போறேன்!"