மடங்கும் இறக்கைகள்

ஒரு மோட்டார் காரை நிறுத்த மூன்று, நான்கு மீட்டர் அகலமுள்ள கொட்டகை போதும். சிறிய விமானம் ஒன்றை அதற்குள் விட முடியுமா? விமானத்தின் உடல் ஒடுங்கியதுதான். நீண்ட இறக்கைகளே இடையூறு. அவற்றைப் பின்பக்கமாக மடக்கிவிட்டால்?

இங்கிலாந்தில் 1925-இல் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய ‘மாத்’ விமானத்தில் இந்த வசதி இருந்தது. மாத் என்றால் அந்துப்பூச்சி. இறக்கைகளை விரித்தால் அகலம் ஏறக்குறைய 9 மீட்டர்; மடக்கினால் ஏறக்குறைய 3 மீட்டர்தான்!

மாத் விமானத்தின் இறக்கைகள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குகள். ஒவ்வோர் இறக்கைக்குள்ளும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு நீண்ட மர உத்தரங்கள் உண்டு. பின் உத்தரத்தின் அடிப்பகுதி கீலில் இணைந்திருக்கும். முன் உத்தரத்தின் அடியைக் கழற்றக்கூடிய ஆணி பிடித்திருக்கும். ஆணியை உருவினால், கதவு திரும்புவதுபோல இறக்கை வால்பக்கம் திரும்பும்.

ஆனால் எடுத்த எடுப்பில் ஆணியை உருவக்கூடாது. உருவியவுடன் மேல், கீழ் இறக்கைகளின் முன்முனைகள் பிடிப்பின்றி நிற்கும். இறக்கைச் சட்டம் கோணிக்கொள்ளும். எனவே அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தற்காலிக முட்டுக் கம்பை முதலில் பொருத்த வேண்டும்.

சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைப்பதும் அவசியம். காற்று பலமாக வீசும்போது மடக்கக்கூடாது. பூட்டவிழ்ந்த இறக்கை, காற்றில் அடிபடும் கதவைப் போன்றது. கதவைக் கீலருகே பிடித்து நிறுத்துவது கடினம், கைப்பிடியருகே எளிது. திருப்புத்திறன் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவதல்லவா? ஆகவே ஒருவர் இறக்கையின் வெளிமுனையருகே பிடித்துக்கொண்டு மெல்ல நடக்க வேண்டும். மடங்கிய இறக்கையை உடற்பகுதியோடு சேர்த்துப் பூட்டிய பிறகே கையை எடுக்கலாம்.

இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. கணக்குக்காக, விமானம் 400 கிலோகிராம், இறக்கைகள் எல்லாம் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். மடக்கும்போது இறக்கைகளின் ஈர்ப்பு மையம் 2 மீட்டர் பின்னே போனால், முழு விமானத்தின் ஈர்ப்பு மையம் 80 × 2 ÷ 400 = 0.4 மீட்டர், அதாவது 40 சென்டிமீட்டர் பின்னே போகும். வால் கனக்கும். மூக்குச் சக்கரம் உள்ள சில விமானங்கள் வால் தரையில் இடிக்கச் சாய்ந்துவிடவும் கூடும். அதனால் வாலுக்கடியில் தாங்கி வைப்பது நல்லது. அட்டையில் ஒரு விமானம் வெட்டி, பென்சில்மேல் சமன் செய்யுங்கள். பிறகு இறக்கைகளைப் பின்னுக்கு மடக்கிப் பாருங்கள், உண்மை விளங்கும்.

மடக்குவதைவிட, மீண்டும் விரிப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பறக்கும்போது இறக்கைமீது காற்று தரும் தூக்குவிசையின் பெரும்பங்கு, பெரும்பாலும் முன் உத்தரத்தின் வழியாகவே விமானத்தை அடைகிறது. நாம் அடிக்கடி கழற்றும் ஆணியோ அந்த உத்தரத்தைத்தான் பிடித்திருக்கிறது! தரையில் நிற்கும்போது ஆணி சரியாக நுழையாவிட்டாலும் இறக்கை ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும். ஆகவே ஆணி முழுவதும் நுழைந்ததா, அது நழுவாதபடி காப்பூசி மாட்டப்பட்டதா என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, இறக்கையை அசைத்தும் சோதித்த பின்னரே விமானி இருக்கையில் ஏற வேண்டும்.