தொலைநிலை உளமருத்துவக் குழு மதிப்பீடு

தொலைநிலை உளமருத்துவக் குழு மதிப்பீடு என்பது, உளநலச் சிக்கலுடைய ஒரு சிறுவரையோ வளர்ந்தவரையோ வேறோர் இடத்திலுள்ள உளமருத்துவர் நிகழ்படத் தொடர்பு வழியாக ஆராய்ந்து, பிற வல்லுநர்களுடன் சேர்ந்து நோயை அறுதியிட்டு, சிகிச்சைத் திட்டம் வகுக்கும் முறை ஆகும். இது தொலைமருத்துவத்தின் ஒரு பிரிவு. தொலைபேசி வழி ஆறுதல் சேவைகளிலிருந்து இது வேறுபட்டது. எடுத்துக்காட்டாக, 1986இல் தொடங்கப்பட்டு சென்னை இராசா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சிநேகா அமைப்பு, தற்கொலை எண்ணம் உடையோருக்குச் செவிசாய்க்கும் தன்னார்வ அமைப்பாகும். நோயை அறுதியிடுவது அதன் பணி அன்று.

தேவை

2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வளர்ந்தோருள் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் உளநோய் இருந்தது. 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் இது 7.3 விழுக்காடு. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை. உளமருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களில் உள்ளனர். சிற்றூர் நோயாளி நகரம் சென்று திரும்ப ஒரு நாள் கூலியையும் பயணச் செலவையும் இழக்க நேரிடுகிறது; துணைக்குச் செல்பவருக்கும் அதே இழப்பு ஏற்படுகிறது.

சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் தொலைவு பெருந்தடையன்று. எனினும் படியிறங்க இயலாத முதியோர், வீட்டைவிட்டு வெளியே வர மறுக்கும் நோயாளிகள், காத்திருப்போர் அறையின் இரைச்சலைத் தாங்கவியலாத மதியிறுக்கமுடைய சிறுவர் ஆகியோருக்கு இம்முறை பயன்படுகிறது. பெற்றோர் சென்னையிலும் பிள்ளைகள் வெளிநாட்டிலும் வாழும் குடும்பங்களில், அனைவரும் ஒரே உரையாடலில் கலந்துகொள்ளவும் இது வழிசெய்கிறது.

வரலாறு

அமெரிக்காவின் நெப்ராசுக்கா உளமருத்துவ நிறுவனம் 1950களின் இறுதியில் இருவழித் தொலைக்காட்சி இணைப்பைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியது. 1964இல் அந்நிறுவனம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நார்போக் அரசு மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடி, ஸ்கார்ஃப் என அழைக்கப்படும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகும். மருத்துவர் சாரதா மேனன் (1923–2021) 1984இல் சென்னையில் இதனை நிறுவினார். 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் இந்நிறுவனம் தொலைநிலை உளமருத்துவப் பணியைத் தொடங்கியது. 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் இதற்கென வடிவமைக்கப்பட்ட பேருந்து ஒன்றை இயக்கத் தொடங்கியது. பேருந்தினுள் நிகழ்பட ஆலோசனை அறையும் மருந்தகமும் அமைந்திருந்தன. நோயாளி பேருந்தில் அமர்ந்து, சென்னையிலிருந்த உளமருத்துவருடன் உரையாடினார். மருத்துவர் எழுதிய மருந்து அங்கேயே இலவசமாக வழங்கப்பட்டது. உள்ளூர்க் களப்பணியாளர்கள் நோயாளிகளை இனங்கண்டு அழைத்து வந்தனர். தொடர் கவனிப்பையும் அவர்களே மேற்கொண்டனர்.

2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு டெலி-மானஸ் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்னும் பெயரில், சென்னை தேனாம்பேட்டையிலுள்ள மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. இதன் தொலைபேசி எண் 14416. அழைப்பைப் பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் ஏற்பார். தேவையெனில் உளநல வல்லுநரிடமோ நேரடிச் சேவையிடமோ அனுப்புவார்.

குழுவின் அமைப்பு

பொதுவாக இக்குழுவில் பின்வருவோர் இடம்பெறுவர்:

- உளமருத்துவர்: நோயை அறுதியிட்டு மருந்து பரிந்துரைப்பவர்.
- மருத்துவ உளவியலாளர்: அறிதிறன், நினைவாற்றல், ஆளுமை ஆகியவற்றைச் சோதிப்பவர்.
- உளமருத்துவச் சமூகப் பணியாளர்: குடும்பம், தொழில், பொருளாதார நிலை ஆகியவற்றை ஆராய்பவர்.
- செவிலியர் அல்லது களப்பணியாளர்: நோயாளியின் அருகில் இருப்பவர்.

இவர்களுள் இறுதியாகக் கூறப்பட்டவரின் பங்கு இன்றியமையாதது. படக்கருவியால் உணர முடியாதவற்றை அவரே குழுவுக்குத் தெரிவிக்கிறார். மதுவின் வாடை, விரல்களின் மெல்லிய நடுக்கம், நடையின் தளர்ச்சி ஆகியன திரையில் புலப்படாமற் போகலாம். உளநோய் மருந்துகளால் ஏற்படும் தசை இறுக்கத்தை நோயாளியின் கையை மடக்கி நீட்டியே அறிய இயலும். எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளப்பதும், லித்தியம், குளோசபின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கு உரிய இரத்தப் பரிசோதனைகள் நடந்தனவா என்று கவனிப்பதும் அவருடைய பணியே.

மதிப்பீட்டு முறை

முதலில் நோயாளியின் அடையாளம், அவர் அப்போது இருக்கும் முகவரி, நெருக்கடியில் அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண், ஒப்புதல் ஆகியன பதிவு செய்யப்படும். உரையாடலின் நடுவே நோயாளி தற்கொலை எண்ணத்தை வெளியிட்டால் யாரை எங்கு அனுப்புவது என்பதற்கு இவ்விவரங்களே துணைபுரியும். பின்னர் நோயின் வரலாறு கேட்கப்பட்டு, தோற்றம், பேச்சு, மனநிலை, எண்ண ஓட்டம், புலனுணர்வு, நினைவாற்றல், நோய் பற்றிய தன்னுணர்வு ஆகியவை ஆராயப்படும்.

தொழில்நுட்பத்தின் குறைகள் நோயறிகுறிகளாகத் தோன்றக்கூடும். படக்கருவி திரைக்கு மேலே இருப்பதால், மருத்துவரின் முகத்தைப் பார்த்துப் பேசுபவரும் கண்ணைப் பார்க்கத் தவிர்ப்பவர் போலத் தெரிவார். ஒலி தாமதமாக வந்தால், இயல்பாக விடையளிப்பவர் மனச்சோர்வால் தயங்குபவர் போலத் தோன்றுவார்.

சிறுவர் மதிப்பீட்டில் பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் கூற்றுகளும் குழந்தை விளையாடும் விதமும் முதன்மையானவை. பழக்கமான வீட்டுச் சூழலில் குழந்தையைக் காண்பது இம்முறையின் சிறப்பாகும். மதியிறுக்கத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கப்படும். இவற்றுள் பலவற்றைப் பெற்றோரிடம் கேட்டறியலாம். ஆயினும் பொருட்களைக் கையில் கொடுத்துச் செய்யும் நுண்ணறிவுச் சோதனைகளுக்கு நேரடிச் சந்திப்பு தேவை.

சட்டமும் நெறிமுறைகளும்

2020 மார்ச்சு 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், பதிவு பெற்ற மருத்துவர்கள் நிகழ்படம், குரல், எழுத்து ஆகிய வழிகளில் ஆலோசனை வழங்க இசைவளிக்கின்றன. சிறார் ஆயின், அடையாளம் உறுதி செய்யப்பட்ட வளர்ந்தவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையும் தொலைநிலையில் பரிந்துரைக்க இயலாது. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுக்கு வழங்கப்படும் மெத்தில்பெனிடேட்டு எக்ஸ் அட்டவணையில் உள்ளதால், அம்மருந்து தேவைப்படும் சிறுவர் மருத்துவரை நேரில் காண வேண்டியுள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் மறைகாப்பு உரிமையை உறுதி செய்கிறது.

வரம்புகள்

மறைகாப்பை வீட்டுச் சூழலில் பேணுவது கடினம். ஒற்றைப் படுக்கையறை வீட்டில், கணவரால் துன்புறுத்தப்படும் பெண் அதனை வாய்விட்டுக் கூற இயலாது. துன்புறுத்துபவரே அருகில் அமர்ந்திருந்தால் குழந்தையும் உண்மையைக் கூறாது. இதனால் பேச்சை மற்றவர் கேட்கிறார்களா என்று ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகள் போதுமானவாறு வினவுவதும், ஐயமிருப்பின் நேரடிச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வதும் குழுவின் கடமையாகக் கருதப்படுகின்றன. கடுங்கிளர்ச்சி, உடனடித் தற்கொலை இடர், நினைவு மயக்கம், உணவு மறுப்பு ஆகியவை உள்ளோருக்குத் தொலைநிலை மதிப்பீடு மட்டும் போதாது. அவர்களை விரைந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.