தொய்வுள்ள இளையோரும் பூஞ்சண ஒவ்வாமையும்

தொய்வு நோயுள்ள ஓர் இளைஞன் இன்ஹேலரை ஒழுங்காகப் பாவித்தும் முட்டுத் தணியவில்லை. இருமும்போது கபில நிறத்தில் இறுகிய சளிக்கட்டி வருகிறது. உடல் மெலிகிறது. “கசம் பிடித்துவிட்டது” என்று அயலவர் பேசத் தொடங்க, அவன் வீட்டுக்குள் ஒதுங்கிவிடுகிறான். எமது கிராமங்களில் இப்படி நிகழக்கூடும். ஆனால் நோய் வேறாகவும் இருக்கலாம்.

உக்கிய வைக்கோல், கூட்டெரு, ஈரம்பட்ட தானியம் ஆகியவற்றில் அஸ்பர்ஜிலஸ் என்னும் பங்கசு வளர்கிறது. அதன் நுண்ணிய வித்திகளை நாம் எல்லோரும் நாளாந்தம் சுவாசிக்கிறோம். பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. தொய்வுள்ள சிலரின் உடலோ அதற்கெதிராக அளவுமீறிக் கிளர்ந்தெழுகிறது. சுவாசக்குழாய்கள் வீங்கி, சளியால் அடைபடுகின்றன. 1952இல் இங்கிலாந்து வைத்தியர்கள் முதலில் விவரித்த இந்நோய், கவனியாது விடப்பட்டால் சுவாசக்குழாய்களை நிரந்தரமாகப் பழுதாக்கும். இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் இதன் நிழல் காசநோயைப் போலவே தோன்றலாம். ஆகவே முதலில் சளியைச் சோதித்துக் காசநோய் உண்டா என அறிவது அவசியம். இல்லையெனில், ஐ.ஜி.ஈ. எனும் ஒவ்வாமைப் புரதத்துக்கான இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். இந்நோயில் அதன் அளவு பொதுவாக 500 அலகுகளுக்கு மேல் இருக்கும்.

சிகிச்சை உண்டு. பிரெட்னிசொலோன் குளிசையோ, ஐட்ராகொனசோல் என்னும் பங்கசு எதிர்ப்பு மருந்தோ வழக்கமாக 4 மாதமளவில் கொடுக்கப்படும். இன்ஹேலரையும் நிறுத்தக்கூடாது. சில வாரங்களிலேயே சுகம் தெரியும், ஆபத்தும் அங்கேதான். “சுகமாகிவிட்டது” என்று பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். உடலும் தளர்ந்து ஆபத்துக்குள்ளாகலாம். அதை வைத்தியரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். முகம் ஊதுதல், சீனி கூடுதல் போன்ற பக்கவிளைவுகளை மறைக்காது கூறுங்கள். ஐட்ராகொனசோல் சில இன்ஹேலர் மருந்துகளின் வேகத்தைக் கூட்டும், ஈரலையும் பாதிக்கலாம். எனவே பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியருக்குக் காட்டுங்கள். சுகமான பின்னரும் நோய் மீண்டும் வரலாம் என்பதால் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது.

வீட்டாருக்கும் பங்குண்டு. நெல்லையும் வைக்கோலையும் நன்கு உலர்த்திய பின் சேமியுங்கள். பூஞ்சணம் பிடித்தவற்றைக் கிளறும் வேலையையும் எருக்குழி வேலையையும் நோயாளியிடம் ஒப்படைக்காதீர்கள்.

அயலில் இருமும் பிள்ளையைக் கண்டால் ஒதுக்கி வைக்காதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். அயலவரிடம் காட்டும் அன்பு அங்கேயே தொடங்குகிறது.