வெயில் எழுதிய எண்

எண் பொய் சொல்லாது என்று விஞ்ஞான வகுப்பிலே பல்லாண்டு போதித்தவன் நான். அந்த உறுதியை ஒரு துண்டுக் கடதாசி அசைத்துவிட்டது.

தலைப்பிள்ளையைச் சுமந்து மூன்றாம் மாதத்திலிருந்த என் தமக்கை மகள், தன் இரத்தப் பரிசோதனை முடிவை என்னிடம் நீட்டினாள். குழந்தைக்கு டவுன் நிலை இருக்கக்கூடிய வாய்ப்பு மிகுதி என்றது அது. அடுத்த படி, வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீர் எடுப்பது. கருச்சிதைவு அபாயம் சிறிதெனினும் அதில் உண்டு.

"மாமா, இந்த எண் பிழையாய் இருக்காதோ?" என்றாள். விடை தேடப் புகுந்தேன்.

கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் ஒரு தனிப்பொருள் பெருகுவதை 1927ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்து அஷ்ஹைமும் சொண்டெக்கும் சுண்டெலிகளைக் கொண்டு காட்டினர். சூல்வித்தகம் சுரக்கும் அந்த ஓமோன் இரு சங்கிலிகளாலானது. அல்பாவில் 92 அமினோ அமிலங்கள், பீற்றாவில் 145. இரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்பனவேயன்றி வலிய பிணைப்பால் கட்டுண்டன அல்ல. வெப்பம் தாக்கின் தழுவல் நெகிழும்.

பரிசோதனையில் அளக்கப்படுவதோ தனித்துலவும் பீற்றா. அது முழு ஓமோனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. ஆகவே முழு ஓமோனில் நூற்றுக்கு ஒன்று குழாய்க்குள் பிரிந்தாலும் பீற்றா இரு மடங்காகிவிடும். டவுன் நிலையுள்ள கருவைச் சுமக்கும் தாய்மாரிடத்தும் அது சராசரியாக இரு மடங்களவே காணப்படுகின்றது! நோயின் சாயலையே வெயிலும் வரைந்துவிடுகின்றது.

விசாரித்தோம். அவளது இரத்தம் ஒரு பகலும் ஓரிரவும் குளிரூட்டப்படாது மேசைமீது கிடந்ததாம். மறுமுறை எடுத்த இரத்தம் உறைந்தவுடன், தெளிநீர் பிரிக்கப்பட்டுப் பனிக்கட்டியோடு சென்றது. எண் இறங்கிற்று, ஊசி தேவைப்படவில்லை.

எல்லா உயர்ந்த எண்ணும் வெயிலின் வேலையன்று. மெய்யாகவே எச்சரிப்பனவும் உண்டு. ஆயினும் இரத்தம் எடுத்த நேரத்தையும் அது குளிரில் இருந்த நேரத்தையும் குழாய்மீது குறிப்பது வெறும் எழுத்துவேலையன்று. அக்குறிப்பின்றி எண்ணுக்குப் பொருள் காண்பதெவ்வாறு?

இப்போது என் மாணவருக்கு நான் சொல்வது வேறு: எண் பொய் சொல்லாது, ஆனால் அது யாரைப் பற்றிப் பேசுகின்றது என்று முதலிற் கேளுங்கள். தாயைப் பற்றியா, குழாய் கிடந்த மேசையைப் பற்றியா?