உங்களுக்குத் தெரியுமா? பழுதுச் செலவு முக்கால் பங்கைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’

விபத்தில் நசுங்கிய காரைச் சரிசெய்ய ஆகும் செலவு, பாலிசியில் குறித்த ஐ.டி.வி. (காப்பீட்டுக்காக அறிவிக்கப்பட்ட வாகன மதிப்பு) தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கருதப்படும் என்கிறது இந்திய மோட்டார் காப்பீட்டு விதி. அப்போது பழுதுக்கான பணம் அல்ல, ஐ.டி.வி. தொகையே இழப்பீட்டுக்கு அடிப்படை. பிரீமியம் குறையுமே என்று புதுப்பிக்கும்போது ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடுபவர்களுக்கு இழப்பு இங்கேதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காருக்கு வாங்கிய கடனில் பாக்கி இருந்தால் பணம் முதலில் கடன் கொடுத்த வங்கிக்குப் போகும்.

விபத்தைப் போலவே வெள்ளமும் காரைப் பாழாக்கும்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து உள்பாகங்கள் உடையும். ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பீடு இல்லாவிட்டால், பெரும்பாலும் அந்தச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. சாவியைத் தொடாமல் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே சரி.

உருக்குலைந்த வண்டியை விற்கக் கொடுக்கும்போது ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) விஷயத்தில் அசட்டை வேண்டாம். இனி ஓடவே முடியாத வண்டி என்றால், 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உரிமையாளரின் சட்டக் கடமை. உங்கள் பெயரிலேயே ஆர்.சி. கிடந்தால், அந்த எண்ணில் வேறு யாரோ செய்யும் தவறுக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரக்கூடும்.

இழப்பீடு கோரும்போது, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையா? நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அதில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது.